மலை எந்தக் கைப்பக்கம்

குமாருக்கும் செல்விக்கும் அப்பா எழுதுவது. உங்கள் டூரிஸ்ட் வண்டிகளைப் புதிதாக ஓட்ட வந்திருக்கும் பிள்ளைகளும் இதைப் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, குமார், நீ சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். கொல்லிமலைக்கு வீடியோ கேமராவோடு வந்த பார்ட்டி, இறக்கத்தில் ஒரு வளைவு அழகாக இருக்கிறது என்று கீழே இறங்கி நின்றுகொண்டு, மேலே போய் மறுபடி வாருங்கள், மறுபடி வாருங்கள் என்று உன்னை மூன்று தடவை வரச் சொன்னார்களாம். நீயும் வந்தாயாம். செல்வி உடனே, "படத்துல நம்ம வண்டிப் பேரு தெரியுமாண்ணா?" என்று கேட்டாள். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள், மோரை ஊற்றினாள். அவளுக்குத் தெரியும்.

வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள், போன் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்ளட்டும். சேதியை மட்டும் திருத்த வேண்டாம்.

குமார், நான் சொல்லப்போகிற பஸ்ஸில் நீயும் இருந்தாய். அம்மா மடியில், பல் முளைக்கிற குழந்தையாக, கையில் ஒரு முறுக்கோடு. செல்வி அப்போது பிறக்கவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நமக்கு மலை தெரியாது. வடக்குத்து கிராமத்தில் பிறந்தவனுக்கு எட்டுத் திக்கும் தரைதான். சுரங்கம் வந்த பிறகு நாங்கள் பார்த்த ஒரே மலை, நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணை வெட்டிக் கொட்டிய மேடு. டம்ப் என்போம். பஸ் ஓட்ட வருவதற்கு முன்னால் நான் கான்ட்ராக்ட் லாரியில் குழாயும் ஆளும் ஏற்றிக்கொண்டு அந்த டம்ப்மேல்தான் ஏறி இறங்கினேன். ஏற்றம், இறக்கம், வளைவு எல்லாம் என் கை படித்தது அங்கேதான்.

அங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு விதி உண்டு. டம்ப் பாதையின் ஓரத்தில் டோசர் தள்ளிவிட்ட பொலபொல மண் வரப்பு மாதிரி நீளமாகக் கிடக்கும். வண்டி நிற்காமல் ஓடினால் யோசிக்காதே, ஓரத்து வரப்பில் விடு. சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிடும். நானே இரண்டு தடவை அப்படி நிறுத்தியிருக்கிறேன். டோசர் ஓட்டுகிற தேவராசு வந்து, "இன்னாடா மாணிக்கம், நாத்து நடறியா?" என்று கேட்டு, சங்கிலி போட்டு இழுத்துவிடுவான். அவ்வளவுதான். ஓரம் என்றால் எங்களுக்கு அது உயிர் காக்கிற இடம்.

பிறகு ஷிப்ட் பஸ் ஓட்ட எடுத்தார்கள். அதுவும் கான்ட்ராக்ட்தான். என்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், மூக்கு வைத்த பஸ். காலையில் சேத்தியாத்தோப்பு போய் ஆள் ஏற்றி வருவேன், மதியம் கொண்டுபோய் விடுவேன். ரோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். பிரேக் என்பது ஸ்டாப்பிங்கில் நிறுத்துவதற்கு, ஆடு மாடு குறுக்கே வந்தால் மிதிப்பதற்கு.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் செக்ஷன் ஆட்கள் குடும்பத்தோடு ஒரு நாள் ஏற்காடு போய் வருவது என்று பேச்சு வந்தது. ஏற்பாடு செய்தவர் ராகவன் சார். இளம் என்ஜினியர், கோயம்புத்தூர்ப் பக்கம். நல்ல மனிதர், கூலி ஆளையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். பெரிய மெஷினைப் பூட்டிக் கொடுக்க வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய சினிமா கேமராவை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருக்கும். சாவி கொடுத்தால் சர்ரென்று ஓடும். ஒரு ரோல் போட்டால் சில நிமிஷப் படம்தான். மலை ரோட்டைப் படம் பிடித்து வந்து, ஷிப்டில் மாட்டிக்கொண்டு வரமுடியாதவர்களுக்கெல்லாம் கிளப் மைதானத்தில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது சாருடைய ஆசை. அதில் தப்பே இல்லை. டவுன்ஷிப்பில் பாதிப் பேர் மலையைக் காலண்டரில் பார்த்தவர்கள்தான்.

என்னைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதிப் போட வேண்டியவரும் அவர்தான். அவர் அதை ஒரு தடவைகூட வாயால் சொல்லிக் காட்டியவர் இல்லை. ஆனால் சொல்லாவிட்டாலும் அது எனக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தது.

கிளம்பினோம். விருத்தாசலம், சின்னசேலம், ஆத்தூர், சேலம். மலையடிவாரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள், வண்டியைத் தாங்கள்தான் திருப்புகிற மாதிரி. கொஞ்சம் உயரம் போனதும் சேலம் டவுன் கீழே சின்னதாகத் தெரிந்தது. ஏரி ஒன்று வெள்ளித் தட்டு மாதிரி கிடந்தது. அதற்குமேல் காப்பிச் செடி, மரத்தில் படர்ந்த மிளகுக் கொடி, பாதி வழியில் மேகம் வந்து கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போயிற்று.

எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த தேவராசு ரொம்ப நேரம் வெளியே பார்த்துவிட்டுச் சொன்னான்: "இம்மா உயரம் கொட்டணும்னா எத்தினி ஷிப்டு ஓட்டியிருப்பானுங்கோ."

"இது கொட்டுனது இல்லடா. தானா இருக்குறது."

"அதான் பாத்தேன். டோசர் போன அடையாளமே காணோம்."

பின்னால் இருந்தவர்கள் சிரித்ததும் பயம் கொஞ்சம் போயிற்று. ராகவன் சார் கதவருகில் நின்று வெளியே சாய்ந்து படம் பிடித்தார். தேவராசு அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, "சார், பெல்ட்டு புதுசா பழசா, சொல்லிடுங்க" என்றான். ஏற்றம் முழுக்க இப்படியே போயிற்று. ஒரு குறையும் இல்லை.

மேலே ஏரி பார்த்தோம், படகு பார்த்தோம், புளிச்சோறு சாப்பிட்டோம். ஆரஞ்சுப் பழம் வாங்கினோம். மதியத்துக்குமேல் இறங்கத் தொடங்கினேன். ஏறின கியரிலேயே இறங்கு என்பது டிரைவர் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டாவது கியரில் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ள, காலை பிரேக்கில் லேசாக வைத்துக்கொண்டு வந்தேன்.

பாதி மலை இறங்கியதும் சார் நிறுத்தச் சொன்னார். "மாணிக்கம், உள்ள இருந்து எடுத்ததுல வண்டியே தெரியாதுங்க. நான் குறுக்குப் பாதையில கீழ போய் நிக்கறேன். துண்டை ஆட்டினதும் நீங்க வாங்க. மேல இருந்து நம்ம பஸ் வர்றது தெரியணும். அதுதான் படம்."

அவர் பாறையில் வெட்டியிருந்த ஒற்றையடிப் பாதையில் ஆடு மாதிரி இறங்கிப்போனார். தேவராசு சக்கரத்துக்குக் கல் வைத்தான். துண்டு ஆடியதும் வந்தேன். அவர் ஏறிக்கொண்டு, "நல்லா இருக்கு. ஆனா படத்துல வண்டி ஊர்ற மாதிரி தெரியும். அடுத்தது கொஞ்சம் வேகமா வாங்க" என்றார்.

வேகம் என்றால் மூன்றாவது கியர். மூன்றாவது கியர் என்றால் வளைவுக்கு வளைவு பிரேக். சார் மறுபடி கீழே போய் நின்று துண்டை ஆட்டினார். வந்தேன். இந்தத் தடவை சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதுதாங்க. இதே மாதிரி இன்னும் ஒண்ணே ஒண்ணு. கீழ ஒரு இடம் இருக்கு, காலையிலயே பாத்து வச்சிருக்கேன். பள்ளத்தாக்கு முழுசும் பின்னால விழும்."

அப்போது உங்கள் அம்மா இரண்டாவது வரிசையிலிருந்து கேட்டாள். "ஏங்க, இன்னாமோ கருகுற வாசன வருதே."

"அடுப்ப அணைக்காம வந்துட்டியாம்மா?" என்றான் தேவராசு.

"எங்கூட்டு அடுப்பு வாசன எனக்குத் தெரியும். இது வேற."

எனக்கும் மூக்கு இருந்தது. கல் வைக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்ச் சக்கரத்துப் பக்கம் கையைக் காட்டினேன். அனல் அடித்தது. சாரிடம் சொன்னேன்: "சார், பிரேக்கு சூடாயிருக்குது. கொஞ்ச நேரம் ஆறட்டுங்க."

சார் மேற்கே பார்த்தார். "வெயில் அந்த முகட்டுக்குப் பின்னால போயிட்டிருக்கு, மாணிக்கம். ஆறினா வெளிச்சம் போயிடும். ரோலும் அந்த ஒரு ஷாட்டுக்குத்தான் மிச்சம் இருக்கு. பாத்து வந்துடலாமே?"

அதட்டவில்லை. கெஞ்சலாகத்தான் கேட்டார். அதட்டியிருந்தால் ஒருவேளை முடியாது என்று சொல்லியிருப்பேன். நல்ல மனிதர் ஆசையாகக் கேட்கும்போது முடியாது என்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பார்ட்டிகளும் நல்லவர்கள்தான். சரிங்க சார் என்றேன்.

அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேல் வளைவிலிருந்து கீழ் வளைவுவரை ரோடு ஓரளவு நேராக இறங்கும். இறங்குகிறவனுக்கு இடதுபக்கம் பள்ளம். ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கற்கள் இடைவெளி விட்டு நின்றன. வலதுபக்கம் மலைச்சரிவு. கீழ் வளைவில் சார் நின்று, எங்களை அண்ணாந்து பார்த்தபடி கேமராவைக் கண்ணில் வைத்திருந்தார். துண்டு ஆடியது.

மூன்றாவது கியரில் விட்டேன். வேகம் எடுத்தது. பாதி வந்ததும் பிரேக்கை மிதித்தேன். பெடல் பலகைவரை போயிற்று. எடுத்து மறுபடி மிதித்தேன், பலகைவரை போயிற்று. கிளட்சை மிதித்து இரண்டாவது கியருக்கு இழுத்தேன். பல் உரசிக் கத்தியதே தவிர விழவில்லை. இருந்த மூன்றாவதும் போய், வண்டி எந்தப் பிடிமானமும் இல்லாமல் ஓடியது. நாற்பது பேர். பின்னால் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

"தேவராசு, ஹேண்ட் பிரேக்க இழு."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்து, காலை முன்பலகையில் உதைத்துக்கொண்டு தொங்கினான். கொஞ்சம் பிடித்தது. போதவில்லை. நான் ஹார்னை அமுக்கியபடியே இருந்தேன். கீழ் வளைவில் இந்த வேகத்தில் வண்டி திரும்பாது. அதற்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். வலதுபக்கம் மலையடியில் ரோடு போடுகிறவர்கள் ஜல்லியைப் பெட்டி மாதிரி அளவாகக் குவித்து வைத்திருந்தார்கள். ஸ்டீரிங்கை அதன்மேல் ஒடித்தேன். முன் சக்கரம் ஜல்லியில் ஏறியது, புதைந்தது, பம்பர் மலையில் உரசியது, வண்டி வலதுபக்கம் சாய்ந்து நின்றது.

புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கடைசி சீட்டிலிருந்து கோவிந்தசாமியின் குரல். அவர் பம்ப் ஹவுசில் ஆபரேட்டர். ஷிப்ட் பஸ்ஸில் ஏறினால் தூங்கிவிடுவார், அவருடைய ஊரில் நிற்கும்போது எழுப்பிவிடுவோம். அவர் கேட்டார்:

"சேத்தியாத்தோப்பு வந்துடுச்சா?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பும் அழுகையுமாக எல்லோரும் இறங்கினார்கள். ஒருவருக்கு நெற்றியில் புடைத்திருந்தது. ஒரு டிபன் கேரியர் உருண்டு மிச்சப் புளிச்சோறு கொட்டிவிட்டது. சேதம் அவ்வளவுதான். குமார், உன் முறுக்குகூடக் கையிலேயே இருந்தது.

சார் மூச்சிரைக்க ஏறி வந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்குங்க. புழுதியோட சேத்து... ஆனா ஏன் மாணிக்கம் அங்கயே நிறுத்திட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அம்மா சொன்னாள்: "நிறுத்தலீங்க சார். நின்னுச்சு."

அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு சக்கரத்திலிருந்து வருகிற புகையைப் பார்த்தார். அப்படியே ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டார். கேமரா அவர் மடியில் கிடந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் புதுப் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். வண்டி நின்றதும் எல்லோருக்கும் வருகிற ஆசை, எப்படியாவது ஏறி வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான். "ஆறினாத்தான் பிரேக்கு புடிக்குமில்ல, அப்புறம் ஏறிக்கலாமே?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். ஆறினால் பிடிக்கும்தான். ஆனால் பிடிக்கும் என்று நம்பி ஒரு தடவை வந்தாயிற்று. நான் சொன்னேன்: "காலி வண்டிதான் இறங்கும். ஒரு ஆளும் ஏறக் கூடாதுங்க. எல்லாரும் குறுக்குப் பாதையில நடந்து வாங்க. அடிவாரத்துல ஏத்திக்கிறேன்."

"கொழந்த குட்டிங்களோட மல எறங்க சொல்றியா?" என்று ஒருவர் கோபப்பட்டார்.

சார் எழுந்து நின்றார். "மாணிக்கம் சொல்றபடிதான்" என்றார். பிறகு கேமராவை உங்கள் அம்மாவிடம் நீட்டினார். "இதப் பத்திரமா கொண்டு வாங்க. நான் வண்டியில அவரோட வர்றேன்."

"ஒரு ஆளும் வேணாம்னு சொன்னேங்க சார்."

"நான் கேட்டதாலதான இங்க நிக்குது. நான் வருவேன்."

கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

முதலில் வண்டியை ஜல்லியிலிருந்து எடுக்க வேண்டும். அங்கேதான் தேவராசுக்கு உற்சாகம் வந்தது. "மண்ண அள்ளறது நம்ம வேல. வாங்கடா" என்று சாப்பாட்டுத் தட்டுகளை எல்லோர் கையிலும் கொடுத்தான். சுரங்கத்து ஆட்கள் அல்லவா, சக்கரத்துப் பாதையை ஒழுங்காக வெட்டி எடுத்தார்கள். வண்டி ரோட்டுக்கு வந்த பிறகு, ஜல்லியை முன்பு இருந்த மாதிரியே பெட்டி வடிவத்தில் குவித்து, மேலே தட்டி மட்டம் செய்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அது நம்மைக் காப்பாற்றிய ஜல்லி. மறுநாள் யாரோ அளந்து கணக்குப் பார்க்கப் போகிற ஜல்லியும்கூட.

சக்கரம் கைபொறுக்கும்படி ஆறும்வரை காத்திருந்தேன். பெடலை மிதித்துப் பார்த்தேன், பிடித்தது. முதல் கியரில் போட்டு, அதை மாற்றுவதே இல்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன். நடக்கிற வேகம்தான். சார் பக்கத்தில் நின்று கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பயத்தை அடக்க ஏதாவது பேச வேண்டும் போலிருக்கிறது, ஒவ்வொரு வளைவு திரும்பியதும் சொல்லிக்கொண்டே வந்தார்:

"இப்ப மலை வலது பக்கம்... இப்ப மலை இடது பக்கம்... மறுபடி வலது..."

எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு நாலைந்து வளைவு போனதும் நானும் மனதுக்குள் கூடவே சொல்ல ஆரம்பித்தேன். மேலே மரத்துக்குள் நம் ஆட்கள் நடந்து வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒரு வளைவு சுற்றி வருவதற்குள் அவர்கள் குறுக்கே இறங்கி முன்னால் நின்று கையாட்டுவார்கள். அடிவாரத்துக்கு அவர்கள்தான் முதலில் வந்தார்கள். கோபப்பட்டவரின் மடி நிறைய நெல்லிக்காய். "மலன்னா நடந்துதான்யா பாக்கணும். பஸ்ல இன்னா தெரியுது" என்றார். உங்கள் அம்மா இடுப்பில் உன்னையும் தோளில் கேமராவையும் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அந்த இடத்தில் குடித்த டீ மாதிரி ஒரு டீ நான் பிறகு குடித்ததில்லை. டீ நன்றாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. எண்ணிப் பார்த்தேன், எல்லோரும் இருந்தார்கள். சேலத்தில் மெக்கானிக்கிடம் பிரேக்கைக் காட்டிச் சரி செய்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

பெர்மனென்ட் ஆர்டர் அந்த வருஷமே வந்தது. சார்தான் எழுதினாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் சொன்னால் அவசரமாகப் படித்துவிடுவீர்கள். மலை ரோடு அழகானது. படம் எடுக்கத் தகுந்ததுதான், எடுக்கட்டும். ஆனால் பார்ட்டியிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்: எடுக்கிறதெல்லாம் ஏறும்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுகிற வண்டி தானாக நிற்கும். இறங்குகிற வண்டியை நாம்தான் நிறுத்த வேண்டும். வெளிச்சம் போய்விடும் என்பார்கள். போகும், மறுநாள் வரும். கேமரா வைத்திருக்கிறவருக்கு வளைவு தெரியும், மேகம் தெரியும். சக்கரத்துக்குள் இருக்கிற சூடு படத்தில் விழாது. அது தெரிகிற ஒரே இடம் நம் காலடி. அதனால் அந்த விஷயத்தில் கடைசி வார்த்தை நம்முடையது. கோபமாகச் சொல்ல வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லலாம்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன். இன்னொன்று இருக்கிறது.

படச்சுருளை பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்கச் சில வாரங்கள் ஆயிற்று. கிளப் மைதானத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி சார் போட்டுக் காட்டினார். சின்ன மெஷின், சத்தம் இல்லாத படம். டவுன்ஷிப்பின் ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஜனம் வந்து மணலில் உட்கார்ந்திருந்தது. ஏற்றம் வந்தது, மேகம் வந்தது, கைதட்டினார்கள். கோவிந்தசாமி வாயைத் திறந்து தூங்குவதை சார் எப்போது எடுத்தாரோ, அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

கடைசியாக அந்த இடம். மேல் வளைவில் நம் பஸ் சின்னதாகத் தெரிகிறது. பெரிதாகிக்கொண்டே வருகிறது. பின்னால் பள்ளத்தாக்கு முழுக்க வெயில். சார் சொன்னது சரிதான், அவ்வளவு அழகு. பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மற்றவர்கள் விசிலடித்தார்கள்.

திடீரென்று பஸ்ஸின் மூக்கு எங்களைப் பார்த்துத் திரும்பியது.

கேமரா இருந்தது பள்ளத்துப் பக்கம் கீழே. பஸ் எங்களைப் பார்க்கிறது என்றால் பள்ளத்தைப் பார்க்கிறது என்று அர்த்தம். கண் இமைக்கிற நேரம்தான். சக்கரம் இரண்டு சுண்ணாம்புக் கல்லுக்கு நடுவில் குறிவைக்கிறது. உடனே வெடுக்கென்று ஒடிந்து, மலைப்பக்கம் பாய்ந்து, புழுதியில் மறைகிறது. ரோல் முடிந்து வேட்டி வெள்ளையாயிற்று.

"டிரைவர் போஸ் குடுக்குறாருடா" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது.

நான் நேராக ஜல்லிக்குத்தான் திருப்பினேன் என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருந்தது. படத்தைப் பார்த்த பிறகுதான் நடுவில் இருந்த அந்த இமைப்பொழுது திரும்பி வந்தது. கண்ணாடிக்கு முன்னால் மரங்களின் உச்சி தெரிந்தது. மரத்தின் உச்சியை ரோட்டிலிருந்து குனிந்து பார்க்கிற மாதிரி. ஓரத்துக்கு அந்தப் பக்கம் மண் இல்லை என்று அந்த உச்சிதான் எனக்குச் சொல்லியிருக்கிறது.

ஜனம் கலைந்தது. உங்கள் அம்மா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டாள். தேவராசு என் பக்கத்தில் வந்து, பீடியைப் பற்றவைக்காமலே கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மாணிக்கம். ஓரத்து வரப்பத் தேடுன இல்ல?"

"ஆமாண்டா."

"நானா இருந்தாலும் அதத்தான் தேடியிருப்பேன்." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னான்: "நல்ல வேள, நீ முழிச்சிகினு தேடுன."

அந்தச் சிரித்த மைதானத்தில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் புரிந்தது. டம்ப்பில் ஓட்டியவனுக்குத்தான் அது புரியும். நம் கை எங்கே பழகியதோ, நெருக்கடியில் அங்கேதான் போகும். எந்த ஊர் ரோட்டில் இருக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நெருக்கடி வருவதற்கு முன்னாலேயே.

மறுநாள் காலை ஷிப்ட் முடித்து வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, கொஞ்சம் கழித்துத் திரும்பிப் போனேன். என் பஸ்ஸை கிரீஸ் வைப்பதற்காக முன்பக்கம் ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக்குகள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். சக்கரம் தரையைத் தொடாததால் ஸ்டீரிங் லேசாகத் திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டேன். ராகவன் சார் வளைவுக்கு வளைவு சொன்னதை நானும் சொன்னேன், வாய் விட்டே சொன்னேன். மலை வலது, என்று சொல்லி வலதுபக்கம் ஒடித்தேன். நேராக்கினேன். மலை இடது, என்று சொல்லி இடதுபக்கம் ஒடித்தேன். முதலில் வாய் முன்னால் போயிற்று, கை பின்னால் வந்தது. தோள் வலிக்கிறவரை செய்தேன். பிறகு ஒரு தடவை, சொல்லி முடிப்பதற்குள் கை திரும்பியிருந்தது.

கண்ணைத் திறந்தேன். சக்கரத்தை நேராக வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு டீக்கடைக்கு நடந்தேன்.